துவர்ப்பும் காலமும்

பி.ஏ. படித்த நாட்களில் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் செயின்ட்ஸ்பரியின் புத்தகங்கள் ஒரு முழுத் தட்டை அடைத்துக்கொண்டிருந்தன. ஆங்கில இலக்கியத்தின் சுருக்க வரலாறு, ஆங்கில யாப்பின் வரலாறு, ஐரோப்பிய விமர்சனத்தின் வரலாறு மூன்று பாகங்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் எனக்கு முன்னால் எடுத்தவரின் கையெழுத்து மங்கிப் போயிருந்தது. 1895 முதல் 1915 வரை எடின்பரோவில் பேராசிரியராக இருந்தவர். எது நல்ல வசனம், எது கெட்ட வசனம் என்பதில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அவருடைய நூல்களில் வாசகர்கள் விரும்பித் தேடுவது ஒன்றைத்தான். 1920-ல், எழுபத்தைந்தை ஒட்டிய வயதில், தான் வாங்கி நிலவறையில் சேர்த்துக் குடித்த ஒயின்களைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் அது. 2008-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை விரிவான குறிப்புரைகளோடு மறுபடியும் கொண்டுவந்தது. யாப்பின் வரலாறு எங்கள் நூலகத் தட்டில் இருக்கிறது.

இதை விதியின் கேலி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு கவிஞனைப் பற்றிய வாதத்தில் தர்க்கம் தீர்ந்துபோகும் இடத்தில், 'காலம் தீர்ப்பளிக்கும்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். அதற்குத் துணையாக, வைக்க வைக்க மெருகேறும் ஒயின் என்ற உவமை வரும். நானே இரண்டு கட்டுரைகளில் அப்படி எழுதியிருக்கிறேன். செயின்ட்ஸ்பரியைப் படித்த பிறகு, பிறகு அவர் வழியாக வேறு சிலவற்றைப் படித்த பிறகு, உவமையின் ஒரு பக்கத்தை நாம் யாருமே உற்றுப் பார்த்ததில்லை என்று தோன்றியது. எல்லா ஒயினும் வைத்தால் நன்றாவதில்லை. உலகில் உண்டாகும் ஒயினில் மிகப் பெரும் பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டியது, வைத்தால் கெடும். வைக்கத் தகுந்ததைத் தேர்ந்தெடுக்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் அதைச் செய்யவேண்டியது, அது வாயில் வைக்க முடியாதபடி இருக்கும்போது. காலத்துக்கு முன்னால் நிற்கிறவன் அவன்தான். அவனுடைய சரித்திரம் சுவாரஸ்யமானது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் முதிர்ந்த ஒயினைக் குடித்ததில்லை. என் சம்பளத்தில் அது நடக்காது. புதுச்சேரிக்குப் போனபோது இளசான சிவப்பு ஒயின் இரண்டு மூன்று முறை குடித்திருக்கிறேன். முதல் வாயில் எனக்கு ஞாபகம் வந்தது பச்சைப் பாக்கும் வாழைப்பூவும். ஆங்கிலப் புத்தகங்கள் இந்த உணர்ச்சியை விளக்கப் பத்து வரி எழுதுகின்றன. நாக்கு சுருங்குகிறது, ஈறு உலர்கிறது என்கின்றன. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணிப் பழகியவர்களுக்கு ஒரு சொல் போதும். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் டானின்தான் அந்தத் துவர்ப்பு. தோலைப் பதனிடக் கடுக்காயை ஏன் உபயோகிக்கிறார்களோ அதே சரக்கு. வெள்ளை ஒயினில் சாற்றைப் பிழிந்து தோலை உடனே நீக்கிவிடுகிறார்கள். சிவப்பு ஒயின் தோலோடு புளிப்பதால் நிறமும் துவர்ப்பும் அதில் இறங்குகின்றன. வைக்கத் தகுந்த சிவப்பு ஒயின் என்பதன் ஆதாரமே இந்தத் துவர்ப்பில் இருக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ரோமானியர்கள் ஒயினை வைத்திருந்து குடித்தார்கள். கம்பானியாவில் விளைந்த ஃபலேர்னியன் அவர்களுக்கு உச்சம். அது சிவப்பு அல்ல, வெள்ளையாகத் தொடங்கி ஆம்பர் நிறத்துக்கு முதிர்ந்த ஒயின் என்பதே பொதுவான கருத்து. ஆனாலும் வைத்துக் குடிக்கும் பழக்கத்தின் முதல் அத்தியாயம் அங்கேதான். உள்ளே கீல் பூசிய மண் ஜாடிகளில் ஊற்றி, வாயை அடைத்து, அந்த ஆண்டின் கான்சல்களின் பெயரைக் குறித்து வைத்தார்கள். கம்பானிய ஜாடிகளின் உடைந்த ஓடுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில்கூடக் கிடைத்திருக்கின்றன. கி.மு. 121 ஒப்பிமியஸ் கான்சலாக இருந்த ஆண்டு. கையஸ் கிராக்கஸும் அவன் ஆட்களும் ரோமின் தெருக்களில் கொல்லப்பட்ட ஆண்டு. அந்தக் கொலையை முன்நின்று நடத்திய மனிதனின் பெயர், அந்த வருஷத்து வெயில் நன்றாக இருந்ததால், ஒயின் ஜாடிகளின் மீது ஏறி இருநூறு வருஷம் வாழ்ந்தது.

பிளினி தன் இயற்கை வரலாற்றில் ஒப்பிமிய ஒயினைப் பற்றி எழுதும்போது அதற்கு வயது ஏறத்தாழ இருநூறு. கசப்பான தேன் பதத்துக்குச் சுண்டிவிட்டது, தனியாகக் குடிக்க முடியாது, வேறு ஒயினில் சிறிது கலக்கத்தான் உதவும் என்கிறார். அதோடு விடாமல் வட்டிக் கணக்கும் போடுகிறார். ஜாடி நூறு செஸ்டர்ஸ் என்று வைத்துக்கொண்டு, ஆறு சதவிகித வட்டியில் 160 வருஷத்துக்கு. வங்கியில் வேலை பார்க்கிறவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நானும் போட்டுப் பார்த்தேன். தனிவட்டி என்றால் முதலும் வட்டியும் சேர்ந்து 1,060. கூட்டுவட்டி என்றால் 11 லட்சத்துக்கு மேல். குடிக்க முடியாத ஒரு பொருளுக்கு. ஒரு பொருளின் மதிப்பும் அதன் விலையும் பிரிந்து இரு திசைகளில் போவதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய வேறு பக்கம் எனக்குத் தெரியவில்லை.

பெட்ரோனியஸின் நாவலில் டிரிமால்ச்சியோ என்ற புதுப்பணக்காரன் விருந்தாளிகளின் முன் ஒயினைக் கொண்டுவந்து வைக்கிறான். கழுத்தில் சீட்டு: ஒப்பிமிய ஃபலேர்னியன், வயது நூறு. நாவல் நீரோவின் காலத்தது என்று கொண்டால், அசலான ஒப்பிமிய ஒயினுக்கு அப்போது நூற்றெண்பது வயது ஆகியிருக்கவேண்டும். பொய்ச் சீட்டு. அல்லது, என்றைக்கோ எழுதிய சீட்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அந்த மேஜையில் கூட்டல் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

இதற்கும் முன்னால், கி.மு. 46-ல், சிசரோ இதே ஒயினை இலக்கிய விவாதத்துக்குள் இழுத்துவந்திருக்கிறார். பேச்சாளர்கள் தூசிடைடிஸின் நடையைப் பின்பற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பதிலாக, ஃபலேர்னியன் பிடிக்கும் என்பவன் போன வருஷத்ததையும் கேட்கமாட்டான், ஒப்பிமியஸ் காலத்ததையும் கேட்கமாட்டான் என்ற பொருளில் எழுதினார். அதிமுதிர்ச்சியும் ஒரு கேடு என்பது அவருடைய வாதம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த உவமை நம் கையில் இருப்பதைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது.

பிறகு ஜாடி போயிற்று. கால் நாட்டு மரப்பீப்பாய் அதன் இடத்தைப் பிடித்தது. பீப்பாய் உருட்ட எளிது, உடையாது. ஆனால் மூச்சு விடும். உள்ளே காற்று போகும், ஒயின் ஆவியாகிக் குறையும், குறைந்த இடத்தில் மறுபடியும் காற்று. ரோம் விழுந்த பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவில், சில இனிப்பு ஒயின்களைத் தவிர, பழைய ஒயின் என்றால் கெட்ட ஒயின். 1152-ல் எலினார் இங்கிலாந்தின் பிற்கால இரண்டாம் ஹென்றியை மணந்ததில் தொடங்கி 1453-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகும்வரை போர்தோ வட்டாரம் இங்கிலீஷ் அரசர்களுடையது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புது ஒயினை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வடக்கே போகும். அவை கரை சேர்ந்ததும் கிடங்கில் மிச்சமிருக்கும் போன வருஷத்து ஒயினின் விலை விழும். இன்றைய விலைப்பட்டியலைத் தலைகீழாக்கிப் பிடித்தமாதிரி.

இந்த இடைவெளியில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அந்த நூற்றாண்டுகளில் மண் கெட்டுப்போகவில்லை. வெயில் இருந்தது, நல்ல வருஷங்கள் இருந்தன, கைதேர்ந்த குடியானவர்கள் இருந்தார்கள். நூறு வயது வாழக்கூடிய ஒயின்கள் எத்தனையோ அடுத்த கோடைக்குள் புளித்துப் போயிருக்கும். காலம் அவற்றைச் சோதித்துத் தள்ளிவிடவில்லை. சோதிப்பதற்கு ஏற்ற பாத்திரமே இல்லை. நம் ஏடுகளில் எவை தங்கின, எவை போயின என்பதையும், தங்கியவற்றையெல்லாம் காலத்தின் தேர்வு என்று இலக்கிய வரலாறுகள் கொண்டாடுவதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

பாத்திரம் வந்தது கலையிலிருந்து அல்ல, கடற்படைக் கவலையிலிருந்து. இங்கிலாந்தில் ஓக் மரம் குறைந்துகொண்டிருந்தது, போர்க்கப்பல்களுக்கு வேண்டும். 1615-ல் முதலாம் ஜேம்ஸ் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரிச் சூட்டில் கண்ணாடி கனத்தது, கறுத்தது, பலப்பட்டது. 1630-களில் கெனெல்ம் டிக்பி இத்தகைய புட்டிகளைச் செய்தார். தத்துவம், ரசவாதம், கடற்கொள்ளை எல்லாவற்றிலும் கை வைத்த ஆசாமி. தக்கை ஐபீரியாவின் ஓக் மரப்பட்டையிலிருந்து வந்தது. தக்கையை முழுதாக உள்ளே அடித்துவிட்டால் எப்படி எடுப்பது? திருகாணியைப் பற்றிய எழுத்துச் சான்று 1681-ல் வருகிறது. முதல் புட்டிகள் வெங்காயம்போல உருண்டை, படுக்கவைக்க முடியாது. நின்றால் தக்கை உலரும், சுருங்கும், காற்று போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் புட்டி மெல்ல மெல்ல ஒல்லியாகி உருளையானது. பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள். ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருந்தது. நிலக்கரி, மரப்பட்டை, திருகாணி, உருளை வடிவம்: நாம் காலம் என்று சொல்லும் மகானுபாவர் இந்த நான்கும் வந்து சேரும்வரை போர்தோவில் தலைகாட்டவே இல்லை.

அதே வேளையில் அடுக்கி வைக்கத் தகுந்த ஒயினும் பிறந்தது. 1663 ஏப்ரல் 10-ஆம் தேதி லண்டனில் சாமுவேல் பீப்ஸ் ஒரு விடுதியில் பிரெஞ்சு ஒயின் ஒன்றைக் குடித்து, அதன் தனியான சுவையைப் பாராட்டி, பெயரைக் காதில் விழுந்தபடி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அது ஓ-பிரியோன். போர்தோ நீதிமன்றத்தின் தலைவரான ஆர்னோ த பொன்தாக்கின் தோட்டம். அதற்கு முன் போர்தோ ஒயின் என்றால் போர்தோ ஒயின், அவ்வளவுதான். பொன்தாக் குடும்பம் ஒரு தோட்டத்தின் பெயரில் விற்றது. லண்டனிலேயே விடுதி திறந்தது. 1677-ல் ஜான் லாக் அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்த்து, சரளை கலந்த வெள்ளை மணல்தான், ஒன்றும் விளையாத மண்போலத் தெரிகிறது என்று குறித்துக்கொண்டார். எந்த விலை கொடுத்தாவது அனுப்பச் சொல்லும் பணக்கார இங்கிலீஷ்காரர்களால் விலை ஏறிவிட்டது என்ற முணுமுணுப்பும் அவர் எழுத்தில் இருக்கிறது. அனுபவவாதத்தின் மூலபுருஷர் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காரணத்தைச் சந்தையில் கண்டுபிடித்தார்.

1787-ல் தாமஸ் ஜெஃபர்சன் போர்தோவுக்கு வந்தபோது முதல் தர ஒயின்கள் நான்கு என்று பட்டியல் போட்டார்: மார்கோ, லத்தூர், ஓ-பிரியோன், லஃபீத். இவை எப்போது முழுமை பெறும் என்பதையும் கேட்டு எழுதினார். மூன்றுக்கு நான்கு வருஷம், சற்று மென்மையான லஃபீத்துக்கு மூன்று. இதே தோட்டங்களின் நல்ல வருஷத்து ஒயினை இருபது வருஷம் தொடாதே என்று இன்று சொல்கிறார்கள். திராட்சை அப்படியொன்றும் மாறிவிடவில்லை. புளிக்கவைத்த பிறகு தோலோடு ஊறவிடும் நாட்கள் கூடின, துவர்ப்பு கூடியது, அதைத் தாங்கும் பொறுமையை ஒரு வர்க்கம் கற்றுக்கொண்டது. பழைய ரசனை என்று நாம் நினைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிருஷ்டி.

அந்த சிருஷ்டியில் கலப்படமும் சேர்ந்திருக்கிறது. இங்கிலீஷ்காரர்களுக்குக் கனமான ஒயின் பிடிக்கும் என்று, போர்தோ வியாபாரிகள் தங்கள் மிகச் சிறந்த ஒயின்களில்கூட ரோன் பள்ளத்தாக்கின் எர்மிதாஜை ஊற்றிக் கலந்தார்கள். திருட்டுத்தனமாக அல்ல, அதற்கு ஒரு வினைச்சொல்லே இருந்தது. இன்னாருடைய லஃபீத் எர்மிதாஜ் ஏற்றப்பட்டது என்று சொன்னால் அது சிபாரிசு. மண்ணின் தூய ஆன்மா புட்டிக்குள் நூறு வருஷம் உறங்குகிறது என்று உருகுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1855-க்கு வருவோம். பாரிஸில் மூன்றாம் நெப்போலியனின் உலகப் பொருட்காட்சி. போர்தோ வர்த்தக சபை தன் வட்டாரத்து ஒயின்களைக் காட்டவேண்டும்; தரவரிசை ஒன்று தேவைப்பட்டது. ஏப்ரல் 5-ஆம் தேதி தரகர்கள் சங்கத்துக்குக் கடிதம் போனது. 18-ஆம் தேதி பட்டியல் வந்துவிட்டது. பதின்மூன்று நாட்கள். சுவைத்துப் பார்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. யார் எந்த வருஷம் என்ன விலைக்கு விற்றார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பேரேடுகள் அவர்களிடம் இருந்தன. 900 லிட்டர் கொண்ட தொன்னோ ஒன்றுக்கு 3,000 பிராங்க் போகிறதா, முதல் வகுப்பு. 1,400-க்கும் 1,600-க்கும் இடையிலா, ஐந்தாம் வகுப்பு. ஜெஃபர்சன் கேட்டு எழுதிய அதே நான்கு பெயர்களும் முதல் வகுப்பில் இருந்தன.

என் இலக்கிய மனசு இதைக் கண்டு முகம் சுளிக்கிறது. வங்கி மனசு அவ்வளவு அவசரப்படவில்லை. நகைக்கடன் பிரிவில் இருந்தபோது மதிப்பீட்டாளர் ஒருவர் கல்லில் உரசுவதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார், போன தடவை எப்போது மீட்டார் என்று பேரேட்டைப் பார்ப்பார், அப்புறம்தான் கல். அவர் தவறியது மிகக் குறைவு. ஒரே பொருளை நூறு வருஷமாகப் பலர் தங்கள் சொந்தக் காசைப் போட்டு வாங்கிய கணக்கு, அதுவும் ஒருவகை விமர்சனம்தான். அதைக் கேவலமாகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்தப் பேரேட்டில் விடுபட்டவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கான்தமெர்ல் என்ற தோட்டம் தன் ஒயினைத் தரகர்களுக்குக் கொடுக்காமல் நேரே டச்சு வியாபாரிகளுக்கு விற்றுவந்தது. ஆகவே அது பட்டியலில் இல்லை. உரிமையாளரான பெண்மணி பல வருஷத்து விலை ரசீதுகளைக் கட்டாகக் கொண்டுபோய்க் காட்டி வழக்காடினார். அந்தச் செப்டம்பரில் ஐந்தாம் வகுப்பின் கடைசியில் அதன் பெயரைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பட்டியலில் நடந்த முக்கியமான மாற்றம் ஒன்றுதான்: இரண்டாம் வகுப்பின் தலையில் இருந்த மூத்தோன் 1973-ல் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. விவசாய அமைச்சர் ஷிராக் கையெழுத்திட்டார். பரோன் பிலிப் த ரோத்ஷில்ட் அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியிருந்தார். 1924-லேயே, வியாபாரியின் கிடங்குக்குப் பீப்பாயாக அனுப்பாமல் தோட்டத்திலேயே புட்டியில் அடைப்பது என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அந்தப் பிடிவாதம் தீர்த்தது. பட்டியலைவிட எனக்கு அது பெரிய காரியமாகப் படுகிறது.

இனி துவர்ப்பு.

புட்டிக்குள் நடப்பது இதுதான். டானினும் நிறப்பொருளும் மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு கட்டத்தில் கரைசலில் நிற்க முடியாமல் மண்டியாக அடியில் படிகின்றன. ஊதா நிறம் செங்கல் நிறமாகிறது. துவர்ப்பு குறைகிறது, பழவாசனை போய் அதன் இடத்தில் ஈர இலை, தோல், புகையிலை என்றெல்லாம் வர்ணிக்கப்படும் வாசனைகள் வருகின்றன. நிலவறை பன்னிரண்டு பதின்மூன்று டிகிரியில், இருட்டாக, ஈரமாக, அசைவில்லாமல் இருக்கவேண்டும். இதனால் வைக்கும் ஒயினைத் தேடுகிறவன் தோல் தடித்த, சிறிய மணிகள் கொண்ட கபர்னே சோவிஞ்ஞோனைத் தேடுகிறான். பரோலோவின் நெபியோலோவை, எர்மிதாஜின் சிராவைத் தேடுகிறான். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளியாகும் பொஜொலே நூவோவை அவன் தொடமாட்டான். அது அந்தக் குளிர்காலத்துக்கு உரியது. ஆனால் பர்கண்டியின் பினோ நுவார் தோல் மெலிந்தது, துவர்ப்பு அதிகம் இல்லாதது. அதன் நல்ல ஒயின்களோ பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. அதைத் தாங்குவதில் அமிலத்துக்குப் பெரிய பங்கு. துவர்ப்பு ஒரு தூண்தான். கூரை அல்ல.

மூன்று அறுவடைகளைச் சொல்கிறேன். 1870-ன் போர்தோ இளமையில் கொடூரமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் கிளாமிஸ் கோட்டையின் பிரபு லஃபீத் 1870-ஐ இரட்டைக் கொள்ளளவுப் புட்டிகளில் 48 வாங்கி 1878-ல் நிலவறையில் வைத்தார். திறந்து பார்த்தார், குடிக்க முடியவில்லை, விட்டுவிட்டார். அவர் காலமும் முடிந்தது. மீதிப் புட்டிகள் 1971-ல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தன. அந்த ஒயின் விரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது; நூறு வயதில் அற்புதமாக இருந்தது என்று குடித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1975-ம் அதுபோலவே இறுகிய துவர்ப்போடு வந்தது. வைப்பதற்கென்றே பிறந்த அறுவடை என்று விற்றார்கள், வாங்கினார்கள், காத்திருந்தார்கள். பல புட்டிகளில் துவர்ப்பு தளருமுன் பழம் உலர்ந்துவிட்டது. இருபது வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே துவர்ப்பு மட்டும் இருந்தது. 1982 வந்தபோது நேர் எதிர். ஒயின் இளசிலேயே கனிந்து, மென்மையாக இருந்தது. அமிலம் போதாது, இது நீடிக்காது என்று அனுபவஸ்தர்கள் பலர் தலையாட்டினார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வக்கீல், அப்போது அவரை அதிகம் பேருக்குத் தெரியாது, இது மகத்தானது என்று அடித்துச் சொன்னார். அதன் சிறந்த ஒயின்கள் நாற்பது வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கின்றன. பார்க்கரின் மதிப்பெண் பின்னால் ஒரு சர்வாதிகாரமானது வேறு கதை. அன்று அவர் நாக்கு சரியாக இருந்தது. மென்மையைப் பலவீனம் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மென்மைகூடத் தற்செயலாக வந்தது அல்ல. எமில் பேனோ போன்ற போர்தோ ரசாயனிகள் பல வருஷங்களாகத் தோட்டக்காரர்களிடம், பழுக்கவிட்டுப் பறியுங்கள், துவர்ப்பிலும் பழுத்தது பழுக்காதது உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நம்மை நினைத்துக்கொண்டுதான் இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன். நம் வட்டத்தில் ஒரு கவிதை வாயைச் சுருக்கினால் அது நீடிக்கும் என்று நினைக்கிறோம். உடனே இனித்தால் சந்தேகப்படுகிறோம். ஜனரஞ்சகம் என்று ஒரு வார்த்தை கைவசம் இருக்கிறது. 1870-ம் 1975-ம் இளமையில் ஒரே மாதிரி துவர்த்தன என்பதை எதிர்கொள்ள நாம் தயாராக இல்லை. துவர்ப்புக்குப் பின்னால் பழம் இருக்கிறதா என்று கேட்பதுதான் விமர்சகன் வேலை. அதை இன்றைக்கே, துவர்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாகவேண்டும். நான் கேட்டதில்லை. பத்து வருஷத்துக்கு முன் இறுக்கமான, யாருக்கும் புரியாத ஒரு தொகுப்பைப் பற்றி, காலம் இதைத் திறக்கும் என்று எழுதினேன். சமீபத்தில் எடுத்துப் படித்தேன். பழம் இல்லை. அன்றைக்கும் இருந்திருக்காது. எனக்குப் பிடித்திருந்தது துவர்ப்புத்தான். அதைச் சகித்துக்கொள்ளும் என்னைத்தான்.

1985 டிசம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787 லஃபீத் என்று சொல்லப்பட்ட ஒரு புட்டி 1,05,000 பவுண்டுக்குப் போனது. கண்ணாடியில் ஜெஃபர்சனின் பெயரெழுத்துகள் பொறித்திருந்தன. வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பம் அதைக் காட்சிக்கு வைத்தது. விளக்குச் சூட்டில் தக்கை உலர்ந்து சுருங்கிப் புட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஜெஃபர்சன் வீட்டுக் கணக்குகளைத் துருவியவர்கள் அப்படியொரு கொள்முதல் நடந்ததற்கு ஆதாரம் காணவில்லை. அதே கையிருப்பிலிருந்து வேறொருவர் வாங்கிய புட்டிகளை ஆராய்ந்த நிபுணர்கள், எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என்றார்கள். 2006-ல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. டிரிமால்ச்சியோவின் சீட்டு.

செயின்ட்ஸ்பரிக்குப் பிடித்ததும் ஓர் எர்மிதாஜ்தான். 1846-ன் அறுவடை. அவர் குடித்தபோது அதற்கு நாற்பது வயது. பெரும்பாலான சிவப்பு ஒயின்கள் அந்த வயதில் முடிந்துபோயிருக்கும் என்று அவரே சொல்லிவிட்டு, இது கொஞ்சமும் தளரவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பக்கங்களில் அவர் பாரபட்சம் நிறைந்தவர், பிடிவாதக்காரர், ஆனால் ஒரு வரியில்கூடக் காலத்தின் மேல் பழியைப் போடவில்லை. வாங்கினேன், இத்தனை வருஷம் வைத்தேன், திறந்தேன், நன்றாக இருந்தது, நன்றாக இல்லை. விமர்சன வரலாற்றின் மூன்று பாகங்களில் நான் தேடிக் காணாத நேர்மை அது.

எனக்கும் ஒரு புட்டி வந்தது. நாலு வருஷத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் கொடுத்த போர்தோ. சாதாரண ரகம், உடனே குடிக்கவேண்டியது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கும் பழைய சிறுபத்திரிகைக் கட்டுகளுக்கும் நடுவில் நிற்கவைத்தேன். நாலு சித்திரை வெயில் அதன்மேல் இறங்கியது. நண்பர் ஒருவரின் தொகுப்பு வெளியான அன்று இரவு எடுத்துத் திறந்தோம். தக்கை பொடிந்து உள்ளே உதிர்ந்தது. சல்லடையில் வடிகட்டி எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினேன். காய்ச்சிய ஊறுகாய் வாடை. என்னால் ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. நண்பர் புட்டியை விளக்கடியில் பிடித்து வருஷத்தைப் படித்தார், கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கினார்.

"சார், பழசு பழசுதான்" என்றார். இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.